ஜால்ரா, ஒத்து, முகாரி: இசைச் சொற்களைக் கேலிக்கு இழுப்பது தகுமா?

சீவாளி:
அலுவலகக் கூட்டமொன்றில் மேலாளர் சொன்னதை நான் ஆமோதித்தபோது, பக்கத்தில் இருந்தவர் "நன்றாக ஒத்து ஊதுகிறீர்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். என் தாத்தா உண்மையிலேயே ஒத்து ஊதியவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நாதஸ்வரத்தைவிட நீளமான, விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லாத அந்தக் குழலின் அடிப்பகுதித் துளைகளில் மெழுகை அப்பிச் சுருதி சேர்த்துக்கொண்டு, கன்னத்தில் காற்றை நிறுத்தி மூக்கால் மூச்சிழுத்தபடி, வாசிப்புக்கு அடிநாதமான ஆதாரசுருதியை அறுபடாமல் மணிக்கணக்கில் தருவதுதான் அவர் வேலை. அது இம்மியளவு நழுவினாலும் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்த உழைப்புக்கு, சொந்தப் புத்தி இல்லாதவன் என்று பொருள் வந்துவிட்டது. ஒத்து, ஜால்ரா, சிங்கி எனும் சிறு தாளம், முகாரி ராகம் போன்றவற்றை இகழ்ச்சியாகப் பயன்படுத்துவதை எழுத்திலாவது நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

சொல்லுளி:
தங்கள் தாத்தாவை வணங்குகிறேன். சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். தனக்கென்று ஒரு விரல்துளைகூட இல்லாமல், முன்னால் நிற்பவர் எந்த ராகத்துக்குப் போனாலும் "ஆம், ஆம்" என்று ஒரே ஒலியைத் தருகிற குழலைப் பார்த்த ஒருவருக்குத்தான் இந்த உவமை தோன்றியிருக்க முடியும். அது அறியாமையில் பிறந்த கேலியன்று, கூர்ந்து பார்த்ததில் பிறந்த கேலி. பல நாதஸ்வர மேளங்களில் இன்று சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஒத்து என்ற பெயரைப் பலர் அறிந்திருப்பதே இந்த வழக்கினால்தான். கூட்டணியிலிருந்து விலகிய தலைவர் "தனி ஆவர்த்தனம்" செய்கிறார் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன, கொடுத்த சாக்கையே கொடுப்பவர் "பழைய பல்லவி" பாடுகிறார், பாதியில் நின்ற திட்டத்துக்கு "மங்களம்" பாடப்படுகிறது. இவற்றையெல்லாம் களைந்துவிட்டால் நம் பேச்சில் மிஞ்சுவது என்ன?

தொப்பிப்பக்கம்:
மிருதங்கம் கற்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இசைக்காரர்கள் தங்களைத் தாங்களே செய்துகொள்ளும் கேலி இவற்றைவிடக் கொடியது. தொண்டை கட்டிய பாடகர் இன்றைக்குக் கரகரப்பிரியாதான் பாடுவார் என்று கரகரப்ரியா ராகத்தின் பெயரையே முறிப்பார்கள். பாட்டு நின்று தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் ரசிகர்களை நாங்களே கணக்கெடுத்துச் சிரிப்போம். இடையில் ஒன்று: மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்ற பழமொழி பாதிதான் சரி. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் கருஞ்சாந்து நிலையாகப் பதிந்திருக்கும். இடப்பக்கமான தொப்பியிலோ ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுக்கிறோம். அடி இரண்டு பக்கமும் விழுகிறது, ஆனால் ஒரே மாதிரி விழுவதில்லை.

சீவாளி:
தம்மைத் தாமே கேலி செய்துகொள்வது வேறு, சுருதிப்பெட்டிக்கும் ஒத்துக்கும் வேறுபாடு அறியாதவர் கேலி செய்வது வேறு. கூர்ந்து பார்த்த கேலி என்கிறார் சொல்லுளி, முகாரியை எடுத்துக்கொள்வோம். யாராவது குறை சொன்னால் "முகாரி பாடாதே" என்கிறோம். ஆனால் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் வியந்து உருகும் கீர்த்தனை முகாரியில்தான் அமைந்திருக்கிறது. அதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது? "சோற்றுக்குத் தாளம் போடுகிறான்", "சிங்கி அடிக்கிறான்" என்பவை இன்னும் மோசம். பாடிப் பிழைத்தவனின் பசியைப் பார்த்துச் சிரிக்கும் சொற்கள் அவை.

சொல்லுளி:
சிங்கியையும் சோற்றுத் தாளத்தையும் தங்களுக்கே விட்டுவிடுகிறேன். அவற்றில் இருப்பது நகைச்சுவையன்று, ஏளனம். முகாரியை விட மாட்டேன். ராகத்தின் இலக்கணத்தை வழக்குச்சொல் காப்பாற்ற வேண்டும் என்றால், "சுருதி ஏறிவிட்டது" என்று குடித்தவரைச் சொல்வதற்குத் தம்புராவின் நரம்பும் வழக்குத் தொடுக்கலாம். தண்டோராவையும் எண்ணிப் பாருங்கள். 2022-இல் தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை வந்தது. அறிவிப்புகளுக்கு வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்தத் தடை சரியானதே, ஏனென்றால் அங்கே ஒரு மனிதரின் மானம் இருந்தது. அதற்குப் பிறகும் "ஊரெல்லாம் தண்டோரா போடாதே" என்று நாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஜால்ராவும் அப்படித்தான் நிற்கும். தலைவர் வாயைத் திறக்குமுன் தட்டத் தொடங்குபவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

சீவாளி:
முன்னால் தட்டுகிறார் என்று தாங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. பஜனையில் ஐம்பது பேர் கூடிப் பாடும்போது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடாமல் பிடித்து நிறுத்துவது ஜால்ராதான். பாகவதர் உற்சாகத்தில் வேகமெடுத்தால் ஜால்ராக்காரர் தம் வெண்கலத் தட்டுகளைச் சற்று அழுத்தித் தட்டி அவரை இழுத்துப் பிடிப்பார். பாகவதரும் அடங்கி வருவார். தங்கள் அலுவலகத்தில் மேலாளரை அப்படி இழுத்துப் பிடிக்கும் ஜால்ரா எவரேனும் இருந்தால் தெரிவியுங்கள், நான் என் கட்சியைக் கைவிட்டுவிடுகிறேன்.