புதுப்பிப்பு: கார்பனை விட்டு மரத்துக்கு வந்தாச்சு

போன மாதம் என் டேபிள் டென்னிஸ் மட்டை பற்றிக் கேட்டிருந்தேன்: முழங்கால் வலி, இனி ஓடி ஓடி ஸ்மாஷ் அடிக்க முடியாது, மேசையை ஒட்டி நின்று பிளாக் (வரும் பந்தை மட்டையால் தடுத்துத் திருப்புவது) ஆடத் தொடங்கிவிட்டேன், விஸ்காரியா பிளேடை (ரப்பர் ஒட்டும் மரப்பலகையை) மாற்றலாமா என்று. பாதிப் பேர் ரப்பரை மட்டும் மாற்றச் சொன்னீர்கள்.

முதலில் அதைத்தான் செய்தேன். சரிப்படவில்லை. விஸ்காரியாவில் ஐந்து மர அடுக்கோடு வேகம் கூட்டும் இரண்டு அரிலேட் கார்பன் இழை அடுக்கும் உண்டு. சும்மா மட்டையைக் காட்டினாலே பந்து மேசையைத் தாண்டுகிறது.

அப்புறம் ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் வாங்கினேன். ஐந்தடுக்கும் மரம். கிருஷ்ணகிரியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 84 கிராம். “இதுக்குச் சேதாரம் எவ்வளவுங்க?” என்றார் கடைக்காரர். பழைய பிளேடிலிருந்து ரப்பரை உரித்தபோது பழைய பசை பாலாடை மாதிரி ஒரே ஏடாக வந்தது, அதில் ஒரு திருப்தி.

மூன்று வாரம் ஆயிற்று. பிளாக் போடும்போது பந்து மட்டையில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து போவது கைக்குத் தெரிகிறது. வேகம் போச்சு, அது உண்மை. தள்ளி நின்று அடித்தால் பந்து வலையிலேயே நிற்கிறது. ஆனால் நான்தான் தள்ளியே போவதில்லையே. விஸ்காரியாவை விற்கவில்லை, அண்ணன் மகன் கண் வைத்திருக்கிறான்.