மறு: மந்தத் தசைநார், துரிதத் தசைநார் – இன்னொரு சொல் இணை

வணக்கம் எல்லாருக்கும்.

தசையில் மெதுவாகச் சுருங்கும் நாருக்கும் விரைவாகச் சுருங்கும் நாருக்கும் (slow-twitch, fast-twitch) இந்தக் குழுவில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு மந்தம், துரிதம் என்ற இணை நேற்றே ஏறக்குறைய முடிவாகிவிட்டது போல் தெரிகிறது. தயவுசெய்து இன்னும் ஒருமுறை யோசியுங்கோ. எங்கள் பக்கம் மந்தம் என்றால் வயிற்று மந்தம், புத்தி மந்தம். களைக்காமல் நாள் முழுக்க உடம்பைத் தாங்கி நிற்கிற நாருக்குக் குறை சொல்லும் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. "மெது" வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். மெதுவடை போல அது மென்மைப் பொருளுக்குப் போய்விடும். வன்னியில் "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லாமல் வாருங்கள் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல்தான், ஆனால் தமிழ்நாட்டில் அது துக்கம் விசாரிக்கிற வீட்டுச் சொல்.

செந்நார், வெண்ணார் என்று நிறத்தால் பிரிப்பது பழைய வழி. முயலின் சிவப்புத் தசை வெள்ளைத் தசையை விட மெதுவாகச் சுருங்குவதை பிரெஞ்சு ஆய்வாளர் ரான்வியே 1873இல் காட்டினார். ஊர்க்கோழியிலும் இது சரியாகவே வரும். பகல் முழுக்கக் கிளறித் திரிகிற கால் கருஞ்சிவப்பு. பொழுதுபட ஒரே எம்பில் மரக்கொப்புக்கு ஏற மட்டும் உதவுகிற நெஞ்சு வெள்ளை.

போன தவணை, பூனை கடித்துப்போட்ட புறா ஒன்றை உயர்தர வகுப்பில் வெட்டிக் காட்டினேன். நெஞ்சுத் தசை ஈரல் நிறத்தில் இருந்தது. "அப்ப புறா மெதுவாவோ சிறகடிக்குது, ரீச்சர்?" என்று பின்வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். நான் அதுவரை சொல்லிக்கொடுத்த பெயரே அவளை அப்படி நினைக்க வைத்தது. புறாவின் நெஞ்சில் பெரும்பாலானவை விரைவாகச் சுருங்கும் நார்கள்தான். நெடுநேரம் பறக்க ஒட்சிசன் வேண்டும், அதனால் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் சிவப்புப் புரதமான மயோகுளோபினும், ஒட்சிசனைக் கொண்டு சக்தி ஆக்கும் இழைமணிகளும் (mitochondria) நிறைந்து சிவந்திருக்கின்றன. நிறம் சக்தி வரும் வழியைச் சொல்கிறது. வேகமோ, தசையைச் சுருக்கும் புரதமான மயோசின், சக்தி தரும் மூலக்கூறான ஏடீபியை (ATP) எவ்வளவு விரைவாக உடைக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்ட முடியாது.

என் முன்மொழிவு: நெடுந்துடி நார், குறுந்துடி நார்.

ஒரேயொரு தூண்டலுக்கு நார் ஒருமுறை சுருங்கித் தளர்வதைத் துடி என்போம். கண் துடிக்குது என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்தத் துடிதான். மெதுவான நாரில் ஒரு துடி நீண்ட நேரம் எடுக்கும், விரைவான நாரில் சட்டென்று முடியும். பூனையின் பின்னங்காலில் நிற்க உதவும் ஆழ்தசை உச்ச இழுவிசைக்கு வர எடுக்கும் நேரத்தில் பாதி கூட, பாயும்போது வேலை செய்யும் பக்கத்துத் தசையின் விரைவான நார்களுக்கு வேண்டாம். குறிலையும் நெடிலையும் மாத்திரையால், அதாவது நேரத்தால் அளந்த மொழி இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் குறு, நெடு உடனே பிடிபடும். நாரின் நீளம் என்று யாரும் மயங்கவும் வழியில்லை, நீளமும் குறுக்கமும் துடிக்குத்தான்.

நிறம் தேவையான இடத்தில் பின்னால் சேர்க்கலாம். கோழி நெஞ்சு குறுந்துடி வெண்ணார், புறா நெஞ்சு குறுந்துடிச் செந்நார். விராலை உரித்தால் தோலுக்குக் கீழே பக்கவாட்டில் மெல்லிய செங்கீற்று ஒன்று ஓடும். ஆறுதலாக நீந்த உதவும் அது நெடுந்துடிச் செந்நார். இரையைப் பார்த்துப் பாய்கிற வெள்ளைச் சதை முழுக்கக் குறுந்துடி.

இந்த வகைகளைச் சொல்ல "தசையினம்" என்ற சொல் மட்டும் வேண்டாம், வகை போதும். 1960இல் புல்லரும், எக்கிள்ஸ் என்ற பெயருள்ள இருவருமாக மூன்று ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளில் மெதுவான, விரைவான இரண்டு தசைகளின் நரம்புகளை மாற்றி இணைத்தபோது, தசைகளின் வேகமும் மாறியது. இனம் என்றால் மாறாதது போல் ஒலிக்கும்.

நாரா இழையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தசைநார் என்றால் மூட்டில் கிழிகிற இணைப்பிழையம் என்று வருவதால், நெடுந்துடி இழை என்றும் எழுதலாம். இதயத்துடிப்போடு குழம்பும் என்று இங்குள்ள மருத்துவர்கள் நினைத்தால் சொல்லுங்கோ. துடிக்குப் பதில் வேறு சொல் தேடலாம், குறுவையும் நெடுவையும் விட்டுத்தர மாட்டேன்.