மாடல் ரயிலுக்கு மலை: எதில் செய்யலாம்?

கேள்வி: ஹெச்.ஓ. அளவு (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) லேஅவுட், பலகை மேல் தண்டவாளம் போட்டது. மூலையில் சுரங்கப்பாதையோடு ஒரு மலை வேண்டும். பலகையை அடிக்கடி தூக்கி வைக்க வேண்டியிருக்கும், அதனால் கனம் கூடாது. தெர்மாகோலா, பிளாஸ்டரா?

பதில்: தூக்கி வைப்பதென்றால் தெர்மாகோல்தான். ஆனால் உருண்டை உருண்டையாக உதிரும் வெள்ளை ரகம் வேண்டாம். கட்டட இன்சுலேஷனுக்கு வரும் கெட்டி நுரை அட்டையை அடுக்கி ஒட்டிச் செதுக்குங்கள். பசையில் கவனம். கரைப்பான் கலந்தது பட்டால் தெர்மாகோல் குழி விழுந்து கரைந்துவிடும், பல ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும்.

பதில்: அதெல்லாம் சரி, முதலில் சுரங்கத்தைப் பாருங்கள். வளைவில் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளும். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியைக் கையால் உருட்டிப் பார்த்துவிட்டு வாயை வெட்டுங்கள். பின்னால் கை நுழைய ஒரு திறப்பு கட்டாயம். வண்டி தடம் புரள்வதே உள்ளேதான், என்ன சாபமோ!

பதில்: மேலே பிளாஸ்டர் துணியை (பிளாஸ்டர் தூள் ஏற்றிய துணி) நனைத்துப் போர்த்தலாம், கனம் பெரிதாக ஏறாது. எடுத்த எடுப்பில் பச்சை அடிக்காதீர்கள். மண் நிறம் முதலில், புல் பிறகு. மண்தூள் ஒட்ட, தண்ணீர் கலந்த பசையில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக நின்று தூளையும் உருட்டிக்கொண்டு ஓடும்.