மறு: ஓம்ஃபலோஸ்கெப்சிஸ் – ‘கொப்பூழ்நோக்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தன்னைப் பற்றியே எண்ணிக் கிடப்பதைக் குறிக்கும் ‘ஓம்ஃபலோஸ்கெப்சிஸ்’ (omphaloskepsis) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘கொப்பூழ்நோக்கு’தான் முன்னால் நிற்கிறது. கிரேக்கத்தில் ஓம்ஃபலோஸ் என்றால் கொப்பூழ் (தொப்புள்), ஸ்கெப்சிஸ் என்றால் உற்றுப் பார்த்து ஆராய்தல். இரண்டையும் தமிழாக்கி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் கொப்பூழுக்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் சொல்லின் பின்னணி. 14ஆம் நூற்றாண்டில், கிரேக்கத்தின் வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஆதோஸ் மலை மடங்களில் சில துறவிகள் ஒரு தியான முறையைக் கடைப்பிடித்தார்கள். தாடை மார்பில் படும்படி குனிந்து, பார்வையை வயிற்றின் நடுவில் நிறுத்தி, மூச்சை அடக்கி, ‘இயேசுவே, என்மேல் இரக்கம் வையும்’ என்கிற மாதிரியான சிறு வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞருக்கு இது சகிக்கவில்லை. கொப்பூழில் உயிரை வைத்திருப்பவர்கள் என்ற பொருளில் ‘ஓம்ஃபலோப்சிகோய்’ என்று பட்டம் கட்டினார். துறவிகளுக்காக வாதாடியவர் கிரிகோரி பாலமாஸ். 1341இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபை மன்றம் பர்லாமுக்கு எதிராக முடிவு செய்ய, அவர் இத்தாலிக்கே திரும்பிவிட்டார். ஆனால் கேலி நிலைத்துவிட்டது. நாம் பேசும் சொல் இதற்கெல்லாம் வெகுகாலம் பிற்பட்டது. கிரேக்க வேர்களைக் கொண்டு கட்டிய அது ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 1920களில்தான்.

ஆக, இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று அந்தத் தியான முறை. மற்றது, தன்னைப் பற்றியே எண்ணி எண்ணி வெளியே நடப்பதை மறந்து கிடப்பது. தேர்தலில் தோற்ற கட்சி ஊர்ப் பிரச்சினைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் தன் உள்விவகாரத்தையே அலசிக்கொண்டிருந்தால் அதற்கு இந்தச் சொல் பொருந்தும். இழையைத் தொடங்கிய ஐயாவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது பொருள்தான்.

அதைத் தமிழ்க் கொப்பூழின் தலையில் ஏற்ற முடியாது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொடங்குகிறது. உந்தி என்றாலும் கொப்பூழ்தான். பேச்சுக்கான காற்றே அங்கிருந்துதான் வெளியே கிளம்புகிறது. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சி மாநகரம், நெடியோன் (திருமால்) கொப்பூழில் நான்முகனைப் பெற்ற தாமரையின் பொகுட்டுப் (நடுக்கொட்டை) போலத் தோன்றுகிறது. இன்றைய மேடைப்பேச்சில் ‘தொப்புள்கொடி உறவு’ என்றால் ஈழத்தமிழர் நினைவுக்கு வருவார்கள். எல்லாமே வெளிநோக்கிப் போகின்றன: பேச்சு, படைப்பு, உறவு. தன்னுள் சுருங்கிக் கிடப்பதற்கு இந்தச் சொல் ஒருபோதும் அடையாளமாக இருந்ததில்லை. (சினிமா பார்த்து வளர்ந்த வாசகர் ‘தொப்புள்நோக்கு’ என்பதை எப்படிப் படிப்பார் என்பது வேறு.)

சொல்லப்போனால், உந்தியை உற்றுப் பார்த்த ஒருவர் நம்மிடம் இருக்கிறார். அவர் பார்த்தது தன்னுடையதை அல்ல. திருவரங்கத்தில் பெருமாளை அடி முதலாக அணு அணுவாகப் பார்த்துக்கொண்டு வரும் திருப்பாணாழ்வார், ‘உந்தி மேலதன்றோ அடியேன் உள்ளத்தின் இன்னுயிரே’ என்கிறார். பர்லாம் எதை வசையாகச் சொன்னாரோ, ஏறக்குறைய அதையே இவர் பெருமையாகச் சொல்கிறார்! இந்த மரபு இருக்கும்போது ‘உந்தி’யைக் கிண்டல் சொல்லாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆதோஸ் துறவிகளின் முறையைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘உந்திநோக்கு’ என்று எழுதலாம். அங்கே அது நேர்ப்பொருள்.

சரி, இரண்டாவது பொருளுக்கு என்ன செய்வது? ‘அகநோக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உளவியலில் தன் மனத்தைத் தானே ஆராய்வதற்கு வழங்கும் மதிப்பான சொல். அதில் குறை கூறும் தொனி கிடையாது. ‘அசைபோடல்’ ஆகாது. பழைய நினைவுகளை அசைபோட்டேன் என்றால் இன்பமாக உட்கார்ந்திருந்தேன் என்றுதான் அர்த்தம். ‘மோட்டுவளையைப் பார்த்தல்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. கிரேக்கர் குனிந்து பார்த்தால் நம் ஆள் அண்ணாந்து பார்க்கிறார். கதை மொழிபெயர்ப்பில் தாராளமாகப் போடலாம். ஆனால் மோட்டுவளையைப் பார்ப்பவர் எதைப் பற்றியும் யோசிக்கலாம், ஒன்றுமே யோசிக்காமலும் இருக்கலாம். ‘தான்’ என்பது அதில் இல்லை. திளைத்தலை வைத்து, ‘தன் + திளைப்பு’ என்று ஒன்று செய்து பார்த்தேன். புணர்ச்சி விதிப்படி ‘தற்றிளைப்பு’ என்று வந்து நின்றது. அதைப் படிப்பவர் இளைப்பு நோய் என்று நினைத்தால் ஆச்சரியமில்லை.

என் பரிந்துரை ‘தன்மூழ்கல்’. சிந்தனையில் மூழ்குவது நமக்குப் பழகிய வழக்கு. எதில் மூழ்குகிறார் என்பதைத் ‘தன்’ சொல்லிவிடுகிறது. இது நல்ல தியானத்தையும் குறித்துவிடாதா என்று கேட்பீர்கள். குறிக்கலாம். ஆனால் அடகு வைத்த நகை கைவிட்டுப் போனாலும் ‘மூழ்கிப்போச்சு’ என்றுதான் சொல்கிறோம். அந்த இழப்பின் சாயல் சொல்லிலேயே இருப்பது இங்கே நமக்கு வசதி. ‘கட்சி இன்னும் தன்மூழ்கலிலிருந்து வெளியே வரவில்லை’, ‘தன்மூழ்கிய கவிதைகள்’ என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை.

ஆளைக் குறிக்கத்தான் இன்னும் யோசிக்க வேண்டும். ‘தன்மூழ்கி’ என்றால் நீர்மூழ்கிக் கப்பல் கண்முன் வருகிறது. ‘தன்மூழ்கர்’ செயற்கையாக இருக்கிறது. விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் இதற்கு யாராவது வழி சொன்னால் நல்லது.