மறு: ‘பாங்க்’ ஆவதற்குத் தமிழ்ச்சொல்: ‘தரைதட்டல்’ என்று வைக்கலாமா?

குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

மலைச் சைக்கிள் பயிற்சிக் கையேட்டுக்கான மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. நெடுநேரம் ஓட்டுகிறவனுக்கு உடம்பில் இருந்த சத்து தீர்ந்து சட்டென்று கால் ஓய்ந்துபோவதை ஆங்கிலத்தில் ‘பாங்க்’ (bonk) என்கிறார்களே, அந்த ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. இழுக்கட்டும். கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடிப் பையன்கள். மற்ற சொல் சரியாக அமையாவிட்டால் வாக்கியம் புரியாது, அவ்வளவுதான். இந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் கடை கண்ணி இல்லாத மலைப்பாதையில் ஒருவன் மாட்டிக்கொள்வான்.

ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம் என்று மணலி நண்பர் எழுதியிருந்தார். ‘பாங்க் ஆயிட்டேன்’ என்று பையன்களும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அச்சில் அதைப் பார்க்கிறவர் பணம் போட்டு எடுக்கிற பாங்க் என்றுதான் படிப்பார். அதனால் அது வேண்டாம்.

> ‘சோர்வு’ என்றே இருக்கட்டுமே. எதற்குப் புதுச்சொல்?

சோர்வு படிப்படியாக வருவது. நாம் பேர் தேடுவது சட்டென்று வருவதற்கு. தசைகளில் 400 கிராம் அளவுக்கும் கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கிறது. மொத்தமும் சேர்த்தால் சுமார் 2,000 கலோரி. முழு மூச்சாக மேடேறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். உடம்பில் கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், பந்தய வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கல்லீரல் இருப்பும் தீரும்போது மூளைக்குப் போகிற சர்க்கரை குறைகிறது. கால் ஓய்கிறது, கூடவே புத்தியும் தடுமாறுகிறது. எந்தக் கல்லைச் சுற்றிப் போவது, எங்கே பிரேக் பிடிப்பது என்பதே பிடிபடாமல் போகிறது. தார்ச்சாலையில் ஓரமாக உட்கார்ந்துவிடலாம். இறக்கத்தில் இது நேர்ந்தால் விழுவதைத் தவிர வழியில்லை.

> ‘பசிமயக்கம்’ எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும் என்பதுதான் எனக்குப் பயம். பசி என்று பேர் வைத்தால் பையன் பசிக்கிறவரை காத்திருப்பான். நெடுந்தூரப் பந்தயத்தில் பல பேருக்குப் பசியே தெரிவதில்லை, தெரியும்போது காலம் கடந்திருக்கும். கிளம்பிய அரை மணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில். குடல் பழகினால் 90 வரை போகலாம். குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு வகைச் சர்க்கரையும் குடலில் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே போவதால்தான் அந்த 90 சாத்தியமாகிறது. வீட்டுச் சர்க்கரையில் இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கிறது. விலை கொடுத்து வெளிநாட்டுச் சர்க்கரை ஜெல் வாங்க முடியவில்லையே என்று வருந்துகிற பையன்களுக்கு இதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

அப்புறம் ‘மயக்கம்’. முதலுதவியில் மயக்கம் என்றால் நினைவு தப்புவது, அதை அதற்கே விட்டுவிடுவோம். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஓட்டுகிறவன் தள்ளாடினால் மூன்று காரணம் இருக்கலாம். வெயில் தாக்கியிருக்கலாம். உப்பில்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். அல்லது மாவுச்சத்து தீர்ந்திருக்கலாம். முதலாமவனை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர வைக்க வேண்டும். இரண்டாமவனுக்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. மூன்றாமவனுக்குச் சர்க்கரை கொடுத்தால் கால் மணியில் எழுந்து உட்கார்வான். மூன்றையும் ‘மயக்கம்’ என்று ஒரே பேரில் அடைத்தால் பக்கத்தில் இருப்பவன் கையில் கிடைத்ததைக் கொடுப்பான்.

> மாரத்தான் ஓட்டக்காரர்கள் சொல்வதுபோல ‘சுவர்மோதல்’?

இது ஆங்கிலத்தை அப்படியே எடுத்துத் தமிழில் வைத்தது. சைக்கிள்காரன் சுவரில் மோதினான் என்றால் படிக்கிறவர் நேரே ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பார்.

‘இருப்பறுதி’ என்று ஒருவர் கொடுத்ததை நான் முதலில் விரும்பினேன். இருப்பு தீர்ந்தது என்ற பொருள் அதில் சரியாக வருகிறது. ஆனால் இருப்பு என்றால் உயிரோடு இருப்பது என்றும் பொருள் உண்டே. ‘பதினைந்தாவது கிலோமீட்டரில் அவனுக்கு இருப்பறுதி’ என்று வாசித்துப் பாருங்கள். பெற்றவர்கள் கையில் போகப்போகிற புத்தகம் இது.

இனி என் முன்மொழிவு. நாகலாபுரம் மலைப்பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தபோது எண்ணூர்ப் பையன் ஒருவன் மேட்டில் திடீரென்று நின்றுவிட்டான். “அண்ணே, வண்டி நகரவே மாட்டேங்குது, பிரேக் ஒட்டுதான்னு பாருங்க” என்றான். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். தங்குதடையில்லாமல் சுற்றியது. அவன் கையில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் இருக்கிறது, அதைப் பிரிக்கத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து மேடேறினான். அவனுடைய அப்பா விசைப்படகில் போகிறவர். பிறகு காசிமேட்டில் வைத்து நடந்ததைச் சொன்னதும், “படகுக்கு ஒண்ணும் ஆகலை, தரைதட்டிருச்சு, அவ்வளவுதானே” என்றார்.

கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு தரைதட்டுவது எண்ணூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. இயந்திரம் நன்றாக இருக்கிறது, ஓட்டுகிறவரும் தேர்ந்தவர், அடியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது. மட்டம் ஏறினால் படகு தானே மிதக்கும். கிளைக்கோஜன் தீர்ந்த உடம்பின் நிலையும் இதுதான். தசை கெடவில்லை, பயிற்சி வீணாகவில்லை, உள்ளே சர்க்கரை போனால் போதும். ‘தரைதட்டல்’ என்ற பேரிலேயே நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. வினையாகவும் மடங்குகிறது: தரைதட்டினான், தரைதட்டாமல் ஓட்டு, தரைதட்டப் பார்க்கிறது. நான் கலைச்சொல்லில் முதலில் பார்ப்பது இதைத்தான். ஓடுகிற வண்டியில் இருந்தபடி கத்திச் சொல்ல வராத சொல் அகராதியில் மட்டும்தான் கிடக்கும்.

பெரம்பூர் நண்பர் ஒரு மறுப்பு வைத்திருந்தார்: மலைச் சைக்கிளில் பெடல் பாறையில் இடிப்பதையும் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்குவதையும் இதே சொல்லால் குறிக்க நேராதா? நல்ல கேள்வி. பெடலுக்குப் பையன்கள் ‘இடிக்குது’ என்கிறார்கள், அதையே ‘பெடல் இடி’ என்று வைப்போம். சஸ்பென்ஷனுக்கு ‘அடிதட்டல்’. இனி தரைதட்டுவது ஆள் மட்டும்தான், வண்டி அல்ல.

சொல் நிலைபெற வேண்டுமானால் கையேட்டில் அது வேலை செய்ய வேண்டும். சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதிப்படி மலைச் சைக்கிள் மாரத்தான் பந்தயம் 60 முதல் 160 கி.மீ. வரை. அந்தத் தூரத்தில் தரைதட்டாமல் இருப்பதே பாதிப் பயிற்சி. கரடுமுரடான இறக்கத்தில் கைப்பிடியை விட்டு வாய்க்கு எதையும் கொண்டுபோக முடியாது, அதனால் சீரான மேட்டில் சாப்பிட்டுவிட வேண்டும். முதல் மேட்டில் முன்னால் போகிறவனைத் துரத்தினால் இருப்பு இரட்டை வேகத்தில் கரையும். தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்தில் எட்டு நாளும் இருவர் இருவராக ஓட்ட வேண்டும், இருவருக்கும் நடுவே இரண்டு நிமிட இடைவெளிக்கு மேல் விழக்கூடாது. அங்கே ஒருவர் தரைதட்டினால் இரண்டு பேருக்கும் பந்தயம் போச்சு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி எதிர்காற்றில் ஓட்டுகிற பையன்கள் கால் வலுவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓட்டிக்கொண்டே சாப்பிடப் பழகுவதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கையேட்டுக்கு நான் எழுதியிருக்கும் பதிவு இது:

தரைதட்டல் (பெயர்), தரைதட்டு (வினை): நெடுநேர உழைப்பில் உடம்பின் மாவிருப்பு தீர்ந்து, கால் வலுவும் கவனமும் திடீரெனக் குறைதல். உடனே நிறுத்தி, சர்க்கரையோ பழமோ கொடுத்து, ஆள் தெளிந்தபின் கிளம்புக. நினைவு தப்பியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது.

‘மாவிருப்பு’ என்பது கிளைக்கோஜன் சேமிப்புக்கு நான் வைத்தது, பாடப்புத்தகத்துக் கிளைக்கோஜன் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்து நண்பர் அங்கே படகுக்கும் இதே சொல் வழங்குகிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து