புதுப்பிப்பு: குறைந்தபட்ச ஆர்டர் அளவுக்கான ஃபார்முலா

கடைக்கு எவ்வளவு சரக்கு ஆர்டர் செய்வது என்று கணக்கிட முந்தைய பதிவில் கொடுத்த எக்செல் ஃபார்முலா, தேவையையும் சப்ளையர் ஏற்கும் குறைந்தபட்ச அளவையும் மட்டுமே ஒப்பிட்டது. முழுப் பெட்டிகளாகத்தான் வாங்க வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தால் இப்படி வரும் (மேக்ஸ், MAX: இரண்டில் பெரியதை எடுக்கும்; சீலிங், CEILING: அதைப் பெட்டி அளவின் அடுத்த மடங்குக்கு உயர்த்தும்; இஃப், IF: தேவை இல்லையென்றால் 0 தரும்):

=இஃப்(தேவை<=0, 0, சீலிங்(மேக்ஸ்(தேவை, குறைந்தபட்சம்), பெட்டி))

தேவை = இலக்கு இருப்பு − (கையிருப்பு + வரவேண்டிய சரக்கு − வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டியது). உதாரணமாக 60 − (20 + 15 − 12) = 37. குறைந்தபட்சம் 100, பெட்டிக்கு 24 என்றால் விடை 120.

வரிசைதான் முக்கியம். சீலிங்கை உள்ளே, மேக்ஸை வெளியே வைத்தால் 100 என்று வரும். 24-இன் மடங்கு இல்லாததால் சப்ளையர் திருப்பி அனுப்புவார். இஃப்பை விட்டுவிட்டால் இன்னும் மோசம்: தேவையே இல்லாத பொருளுக்கும் ஒவ்வொரு முறையும் 100-க்குக் குறையாமல் ஆர்டர் கேட்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: குறைந்தபட்ச அளவு உள்ள செல் எழுத்து வடிவில் இருந்தால் மேக்ஸ் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச் செய்தி வராது, 48 என்று வந்து நிற்கும். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியல் என்றால் முதலில் அந்தப் பத்தியை எண்ணாக மாற்றுங்கள்.

பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள்: (மேலே அடைப்புக்குள் வந்த 23 + ஆர்டர் 120) ÷ தினசரி விற்பனை. தினம் 2 விற்றால் 71 நாளுக்கு மேல் சரக்கு நிற்கும். காலாவதி உள்ள பொருளுக்கு ஆர்டரை உறுதிசெய்யும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.