கண்காட்சிப் பலகையில் ஓப்பன்ஹைம்: மாணவர்கள் எழுதியது சரியா?

கீழக்கரை_கரையோரம் கேட்டது:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியில் "முதல் உலகப் போரும் நம் கடற்கரையும்" என்று ஒரு கண்காட்சி வைக்கிறோம். மற்ற பலகைகள் முடிந்துவிட்டன. ஒன்றில் மட்டும் இழுபறி. மாணவர்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ஜெர்மன் பிரபு மாக்ஸ் வான் ஓப்பன்ஹைமர் கெய்ரோவில் ஜெர்மன் தூதராக இருந்தார். துருக்கி சுல்தானை ஜிஹாத் அறிவிக்க வைத்தார். அவர் அனுப்பிய எம்டன் கப்பல் செண்பகராமன் பிள்ளையோடு வந்து சென்னையில் குண்டு போட்டுவிட்டு, பாம்பன் வழியாகத் தப்பியது. அவருடைய துண்டறிக்கைகள் நம் கரைக்கும் வந்தன."

ஊரில் பெரியவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் அச்சுக்குப் போகுமுன் விஷயம் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. அந்த ஆள் எப்படி வேலை செய்தார், ஏன் பலிக்கவில்லை என்பதையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

தொண்டி_வாசகர் எழுதியது:

முதலில் பெயர். ஓப்பன்ஹைமர் அணுகுண்டுக்காரர், அமெரிக்கர். இவர் ஓப்பன்ஹைம், கடைசியில் 'அர்' கிடையாது. மாக்ஸ் ஃபொன் ஓப்பன்ஹைம், 1860இல் கொலோன் நகரத்தில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாக வங்கி இருந்தது. பட்டம் 'ஃபிரைஹெர்', ஆங்கிலத்தில் சொல்லும் பாரனுக்குச் சமம். பலகையில் 'பேரன்' என்று போட்டுவிடாதீர்கள், படிக்கிறவர்கள் யாருடைய பேரன் என்று கேட்பார்கள். பாரன் என்றே எழுதுங்கள்.

அடுத்தது பதவி. தூதர் என்பது தவறு. தூதராக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, அது நிறைவேறவே இல்லை. தந்தை யூத மதத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறியவர். அந்தப் பூர்வீகத்தைக் காரணமாக வைத்து வெளியுறவுத் துறை அவரை முறையான தூதரகப் பணியில் சேர்க்க மறுத்தது. 1896இல் கெய்ரோவிலிருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்தோடு அவரை இணைத்தார்கள், அவ்வளவுதான். அங்கே 1909 வரை இருந்தார். செலவைப் பெரும்பாலும் தன் குடும்பப் பணத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்.

வேலை முறை இதுதான். கெய்ரோவில் ஐரோப்பியர் பகுதியில் தங்காமல் பாப் அல்-லூக்கில் உள்ளூர் பாணி வீட்டில் குடியிருந்தார். அரபுப் பத்திரிகைகளை ஒழுங்காகப் படித்து, முக்கியமானதை மொழிபெயர்த்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று குறித்து பெர்லினுக்கு அறிக்கை அனுப்புவார். முஸ்தபா காமில் போன்ற எகிப்திய தேசியவாதிகளோடு பழக்கம் இருந்தது. இப்படிப் போன அறிக்கைகள் நூற்றுக்கணக்கில். பிரிட்டிஷார் அவரை உளவாளி என்றே நினைத்தார்கள். பிற்பாடு செய்த பிரசாரம் முழுக்க இந்தக் கெய்ரோ வாசிப்பில் முளைத்ததுதான். அவருடைய பலமும் பிழையும் ஒரே இடத்தில் இருந்தன: பத்திரிகை படிக்கிற படித்த வர்க்கத்தைப் பார்த்து, முஸ்லிம் உலகம் முழுதும் அப்படித்தான் நினைக்கிறது என்று கணக்குப் போட்டார்.

தேவிபட்டினம்_1914 எழுதியது:

கரையோரம் காக்கா, ஜிஹாத் வரியையும் மாற்றுங்கள். "வைத்தார்" என்பது அதிகம். உதுமானிய அரசு, அதாவது துருக்கி, 1914 ஆகஸ்ட் 2ஆம் தேதியே ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுவிட்டது. நவம்பர் 14இல் இஸ்தான்புல்லில் ஐந்து ஃபத்வாக்களை (மார்க்கத் தீர்ப்புகளை) வாசித்தது, அந்த அரசின் தலைமை மார்க்க அதிகாரியான ஷைகுல் இஸ்லாமின் அதிகாரத்தில். இஸ்தான்புல் அரசுக்கும் அதில் சொந்தக் கணக்கு உண்டு. ஓப்பன்ஹைம் செய்தது வேறு. எதிரி நாடுகளின் ஆட்சியிலிருந்த முஸ்லிம் பகுதிகளை எப்படிக் கிளர்ச்சிக்குத் தூண்டலாம் என்று அந்த அக்டோபரில் 136 பக்கத்துக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதினார். இந்தியாவும் எகிப்தும் கை நழுவினால் இங்கிலாந்து ஆடிப்போகும் என்பது அதன் அடிப்படை. அதை ஒட்டி பெர்லினில் 'கீழ்த்திசைச் செய்தி நிலையம்' தொடங்கியது.

அங்கே துண்டறிக்கை தயாரான விதம்: அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதுவார் அல்லது மொழிபெயர்ப்பார். ஜெர்மன் கீழ்த்திசை மொழி அறிஞர் சரிபார்ப்பார். வெளியுறவுத் துறை ஒப்புக்கொண்டால் அச்சு. அதோடு முடியாது, அதற்குப் பிறகுதான் கஷ்டம். எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? போர் தொடங்கியதுமே, ஆகஸ்ட் 5ஆம் தேதி, பிரிட்டன் ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டது. கடலும் பிரிட்டன் கையில். ஆகவே சரக்கு கைக்கெட்டிய இடத்துக்கு மட்டும்தான் போனது. பிரான்ஸ் போர்முனையில் இந்தியச் சிப்பாய்களின் பதுங்குகுழிமேல் விமானத்திலிருந்து போட்டார்கள். பிடிபட்டவர்களுக்கு பெர்லின் அருகே வூன்ஸ்டார்ஃபில் 'பிறை முகாம்' வைத்து, 1915இல் மரத்தாலேயே ஒரு பள்ளிவாசல் கட்டிக் கொடுத்து, 'அல் ஜிஹாத்', 'ஹிந்துஸ்தான்' என்று முகாம் பத்திரிகைகள் நடத்தினார்கள். 1915இல் ஓப்பன்ஹைம் இஸ்தான்புல்லுக்குப் போய், படமும் போர் வரைபடமும் பத்திரிகையும் வைத்த செய்திக்கூடங்களைத் திறந்தார். எழுத்தறிவு குறைந்த ஊரில் படம் பேசும் என்பது சரியான யோசனை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பலிக்கவில்லை. "காஃபிர்களோடு போர்" என்று சொல்லிக்கொண்டே ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற இரண்டு கிறிஸ்தவப் பேரரசுகளோடு கைகோத்திருப்பதை எந்த ஆலிமும் உடனே கேட்பார். புனிதத் தலங்களைத் தாக்கமாட்டோம் என்று பிரிட்டிஷ் அரசு 1914 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஹைதராபாத் நிஜாமும் ஆகா கானும் பிரிட்டன் பக்கம் நின்றார்கள். மக்காவின் ஷரீஃப் ஹுசைன் ஜிஹாத் அழைப்புக்கு ஒப்புதல் தராமல் இழுத்தடித்து, 1916 ஜூனில் துருக்கிக்கு எதிராகவே கிளம்பினார். மக்காவே கைவிட்ட பிறகு அந்த அழைப்புக்கு என்ன மதிப்பு?

நம் கரைக்கு வந்தது பற்றி: ஆதாரத் தாள் கையில் இல்லாமல் "வந்தன" என்று எழுதாதீர்கள். 1914 மார்ச்சில் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஒரு பக்கம், கொழும்போடு நம் மரைக்காயர்களின் வணிகம் ஒரு பக்கம், வழி இருந்தது உண்மை. வழி இருந்தால் சரக்கு வந்தது என்று ஆகிவிடாது. யார் வீட்டுப் பெட்டியிலாவது அப்படி ஒரு தாள் இருந்தால் அதுவே தனிப் பலகைக்குப் போதும்.

பாம்பன்_பாலம் எழுதியது:

எம்டன் பகுதி முழுக்க மாற வேண்டும். எம்டன் ஜெர்மன் கடற்படைக் கப்பல். கார்ல் ஃபொன் முல்லர் தளபதி. அதைத் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியது ஃபொன் ஸ்பே என்ற தளபதியின் கீழிருந்த ஜெர்மன் கிழக்காசியக் கப்பற்படைப் பிரிவு, 1914 ஆகஸ்டில். சென்னையில் சுட்டது செப்டம்பர் 22 இரவு. ஓப்பன்ஹைமின் திட்ட அறிக்கை அதற்கடுத்த மாதத்தில். தேதியை வரிசையாக வைத்தாலே அந்த வாசகம் நிற்காது.

சென்னையில் ஏறத்தாழ 130 குண்டு, 10.5 செ.மீ. பீரங்கியிலிருந்து. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அதன் பிறகு பாம்பன் வழியாக அது போயிருக்கவே முடியாது. எம்டன் நீருக்குள் சுமார் 18 அடி ஆழம் அமிழும். ராமர் பாலத்துத் திட்டுகளில் பல இடத்தில் நம் வள்ளமே தரை தட்டும். அது புதுச்சேரிப் பக்கம் இறங்கி, இலங்கையைக் கிழக்கே சுற்றி, கொழும்புக்கு மேற்கே மினிக்காய் தீவுப் பக்கத்துக் கப்பல் வழித்தடத்தில் போய் நின்றது. செப்டம்பர் 25 முதல் 27க்குள் கிங் லட், டைமெரிக், புரெஸ்க் என்று வரிசையாகக் கப்பல்களைப் பிடித்தது. புரெஸ்கில் இருந்தது நிலக்கரி. எம்டனுக்குத் தங்கத்தைவிட அதுதான் பெரிது. கரி தீர்ந்தால் கப்பல் வெறும் இரும்புதானே. நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் கதை முடிந்தது.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்த 1914 செப்டம்பரில் ஜூரிச்சில் இருந்தார். அடுத்து பெர்லின் போய் இந்தியக் குழுவில் சேர்ந்தார். எம்டன் புறப்பட்டது சீனக் கரையின் சிங்டாவ் துறைமுகத்திலிருந்து. அந்தக் கப்பலில் அவரை ஏற்றிவிட்டால் அவர் உண்மையிலேயே செய்த வேலை மறைந்துபோகும். வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலானோரோடு சேர்ந்த அந்தக் குழு ஜெர்மனியிடம் வாங்கிய பணத்தை, விடுதலைக்குப் பின் திருப்பித் தரும் கடன் என்று சொல்லித்தான் வாங்கியது. அந்தத் தன்மானத்தைப் பலகையில் எழுதுங்கள்.

"அவன் சரியான எம்டன்" என்று நம் பக்கம் இன்றைக்கும் சொல்கிறோமே, அதை வையுங்கள். கப்பல் பாம்பனுக்கு வராமலே பெயர் மட்டும் வந்து பேச்சில் தங்கிவிட்டது.

கீழக்கரை_கரையோரம் எழுதியது:

ரொம்ப நன்றி, மூன்று பேருக்கும். அந்த வாசகத்தை முழுதாக எடுத்துவிட்டோம். ஒன்று மட்டும்: இணையத்தில் இவர் பெயரோடு கருங்கல் சிலைகள் வருகின்றன. அதுவும் இவர்தானா?

தொண்டி_வாசகர் எழுதியது:

அவரேதான். சிரியாவில் டெல் ஹலாஃப் என்ற மேட்டை 1899இல் கண்டார். 1911–13லும், பிறகு 1929இலும் தோண்டினார். கிடைத்ததில் ஒரு பகுதியை 1930இல் பெர்லினில், பழைய இரும்புத் தொழிற்சாலை ஒன்றில், சொந்த அருங்காட்சியகமாக வைத்தார். 1943 நவம்பரில் குண்டு விழுந்து தீப்பிடித்தது. சுண்ணாம்புக்கல் சிலைகள் சூளையில் வெந்த சங்கு மாதிரி நீறாகிவிட்டன. பசால்ட் என்ற எரிமலைக் கருங்கல் தீயைத் தாங்கி நின்றது. ஆனால் அணைக்க ஊற்றிய குளிர்ந்த நீர் பட்டதும் பொரிந்து சிதறியது. வெளித்தோல் சட்டென்று சுருங்க, உள்ளே சூடு அப்படியே இருந்ததுதான் காரணம். அவர் 1946இல் இறந்தார். சிலைகள் ஒட்டப்பட்டதை அவர் பார்க்கவில்லை. சுமார் 27,000 துண்டுகளை 2001 முதல் பல ஆண்டுகள் தரையில் பரப்பி, கல்லின் நிறம், செதுக்கு, உடைந்த முகம் பார்த்துப் பொருத்தினார்கள். 2011இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தார்கள்.

படம் போடுவதானால் அமர்ந்திருக்கும் பெண் சிலையைப் போடுங்கள். மடிமேல் கைகளை வைத்து, இரு பக்கமும் சடை தொங்க, நேராகப் பார்க்கும். அவருக்கு மிகப் பிடித்த சிலை அது. மாணவர்களிடம் விரிசல் கோடுகளைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தைக் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு அச்சடித்தால்தான் அந்தக் கோடுகள் தெரியும்.